வாடகை வீட்டில் பூமி செய்வது எப்படி?

இந்த வழிகாட்டி ஜொகூர் மாசாயில், தாமான் ரிந்திங், ஸ்ரீ ஆலாம், பெர்மாஸ் ஜெயா பக்கம் இரண்டறை வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரு முழுக் கோளை உள்ளிருந்து ஆட்டிவைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதப்படுகிறது. பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினி, ஒரு மேசை விசிறி, வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்தால் முகம் மாறாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம், இவை போதும். ஆஸ்பெக்ட், சிட்காம்எஸ் போன்ற நிரல்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். 2,890 கிலோமீட்டர் ஆழத்துக்குப் பாறையைச் சூடாக்க யாரையும் கேட்க வேண்டாம்.

மாசாய்க்காரர்களுக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, சுண்டா தட்டுக்கு அடியில் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வீதம் புகுந்துகொண்டிருக்கும் கடற்பள்ளம் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், இங்கிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. 2007இல் சுமத்ரா குலுங்கியபோதும், 2009இல் பாடாங் நகரம் இடிந்தபோதும் ஜொகூரின் உயரமான கட்டடங்களிலிருந்து ஆட்கள் படியிறங்கி ஓடிவந்தார்கள். தரைவீட்டில் இருந்தவர்களோ ஏன் இத்தனை பேர் கைலியோடு வாகனம் நிறுத்துமிடத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் வருவதற்குள் படபடவென்று அதிரும் அலைகள் ஓய்ந்துவிடும். நிதானமாக அசையும் நீண்ட அலைகள் மட்டும் வந்து சேரும். அவற்றின் தாளம் உயரமான கட்டடத்தின் சொந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும். பார்க்க முடிகிற தூரம், அடிபடாத தூரம். கணினியில் பூமி செய்பவருக்கு இதைவிட நல்ல விலாசம் கிடையாது.

சாம்பாருக்குத் தடை

வேலையைத் தொடங்குமுன் ஒரு சத்தியம் செய்துகொள்ளுங்கள்: வெப்பச்சலனத்தை விளக்கச் சாம்பாரைக் கூப்பிடமாட்டேன். பாடநூல், தொலைக்காட்சி, அறிவியல் விழா அட்டைகள் எல்லாமே அடுப்பில் பானையை ஏற்றி, அடியில் சூடானது மேலே வரும், மேலே ஆறியது கீழே போகும் என்று முடித்துவிடுகின்றன. மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவிலுள்ள கவசம் கெட்டிப் பாறை. திரவத்துக்குள் நுழைய முடியாத நிலநடுக்க அலை வகையொன்று அதற்குள் தாராளமாகப் போய்வருகிறது. கெட்டியாக இருந்தபடியே அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் நகர்கிறது. அடுப்பும் அடியில் மட்டும் இல்லை. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை பாறைக்குள்ளேயே சிதைந்து சூடு தருகின்றன. பிறந்தபோது இருந்த சூடும் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தை நடத்துவது பெரும்பாலும் மேலே இருப்பவர்தான். கடலடியில் ஆறிக் கனத்துப்போன தட்டு தன் பாரத்தாலேயே அமிழ்ந்து, பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படி நடக்கும் சாம்பாரை யாரும் இதுவரை வைத்ததில்லை.

இனி எண்கள். பாறையின் பாகுநிலைக்கு, அதாவது ஒழுக மறுக்கும் பிடிவாதத்துக்கு, பாஸ்கல்-வினாடிக் கணக்கில் ஒன்றுக்குப் பின்னால் 21 சுழி போடுங்கள். தண்ணீருக்கு இதே அளவு ஆயிரத்தில் ஒன்று. சுழியில் ஒன்றிரண்டு கூடக்குறைய ஆனால் கவலைப்படாதீர்கள். ஆழத்தைப் பொறுத்து அது நூறு மடங்கு மாறும் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். வேறெந்தத் துறையிலும் இரண்டு சுழி பிசகினால் வேலை போய்விடும். இங்கே அதற்கு மாதிரியின் நிச்சயமின்மை என்று பெயர்.

இத்தனை எண்களையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிடலாம். 1916இல் ராலே பிரபு காட்டிய வழி அது. கிளப்பிவிடும் காரணங்களை மேலே எழுதுங்கள்: அடர்த்தி, ஈர்ப்பு, சூட்டில் விரியும் தன்மை, மேலுக்கும் கீழுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, ஆழத்தின் மும்மடி. தடுக்கும் காரணங்களைக் கீழே எழுதுங்கள்: பாகுநிலை, வெப்பம் தானாகப் பரவிவிடும் வேகம். வகுத்து வரும் விடை, அதாவது ராலே எண், ஆயிரத்தை ஒட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் பாறை சுழலத் தொடங்கும். பூமியின் கவசத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. சுழலாமல் இருக்க வழியே இல்லை. மும்மடி என்பதைக் கவனியுங்கள். புதன் கோளின் கவசம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், ஆழம் ஒன்றினாலேயே அதன் எண் நம்முடையதில் கிட்டத்தட்ட 400இல் ஒரு பங்காகிவிடும். சின்னக் கோள்கள் சீக்கிரம் அடங்கிப்போவதன் பாதிக் கதை இதற்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. அந்த வரம்பு எண்களைத் துல்லியமாகக் கணக்கிட்டு வைத்தவர்களில் முதன்மையானவர், 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் எடைக்கு வரம்பு போட்டவர் என்றுதான் நமக்குத் தெரியும். நோபல் பரிசும் விண்மீன் ஆய்வுக்குத்தான். ஆனால் 1950களில் அவர் அடியில் சூடேறும் திரவங்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். மேலும் கீழும் வழுக்கும் எல்லைகள் என்றால் வரம்பு 657.5, இரண்டும் இறுக்கமென்றால் 1,708. தட்டையான பெட்டிக்கு மட்டுமல்லாமல் உருண்டை ஓட்டுக்கும் கணக்கிட்டு, 1961இல் வெளிவந்த நீர்ம இயக்க நிலைப்பாடு பற்றிய தடித்த நூலில் எல்லாவற்றையும் அடுக்கினார். நடுவிலுள்ள கருவம் பெரிதாகப் பெரிதாக, சுழற்சி பல சிறு வட்டங்களாக உடையும் என்பது அதிலிருந்து வந்த முடிவு. அந்த அட்டவணைகளுக்கான எண்களைக் கையால் போட்டுக் கொடுத்தவர் அவருடைய கணக்கீட்டு உதவியாளர் டோனா எல்பர்ட். அவர் தனியாகக் கண்ட ஒன்று அண்மைக்காலத்தில்தான் அவர் பெயரால் அறியப்படத் தொடங்கியது. நீங்கள் மடிக்கணினி சுடுகிறது என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அந்த அம்மையாரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பெட்டி

எடுத்த எடுப்பில் உருண்டையைத் தொடாதீர்கள். ஒரு சதுரப் பெட்டி போதும். அடிப்பக்கத்துக்கு வெப்பம் 1, மேல்பக்கத்துக்கு 0, பக்கச்சுவர் வழியாகச் சூடு போகக் கூடாது, நான்கு பக்கமும் வழுக்கலாம், ராலே எண் பத்தாயிரம், பாகுநிலை எங்கும் ஒன்றே. இயக்குங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. திரையில் மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவே வரிசையாக நிறங்கள், அவ்வளவுதான். பிறகு இடப்பக்கம் நிறக்கோடுகள் லேசாகப் புடைக்கும். புடைப்பு மெல்லிய தண்டாகி மேலேறி, கூரையைத் தொட்டு, குடைபோலப் படர்ந்து, வலப்பக்கச் சுவரோரம் இறங்கும். கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்க ஒரே ஒரு நிதானமான சுழல்.

இப்போது படத்தைப் பார்த்துப் பரவசப்படாமல் ஒரு எண்ணைப் பாருங்கள். வெறுமனே பரவினால் போகக்கூடிய சூட்டைவிட எத்தனை மடங்கு சூடு மேலே போகிறது? 1989இல் பிளாங்கன்பாக் முதலான பலர் தங்கள் தங்கள் நிரல்களை ஒரே கணக்கில் ஓட்டி ஒப்பிட்டு ஒரு விடையை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள்: 4.8844. உங்களுக்கு 4.88 வந்தால் நிரல் நல்ல பிள்ளை. 4.7 வந்தால் கட்டங்களைச் சின்னதாக்குங்கள். 12 வந்தால் ஏதோ ஒரு கூட்டல் குறி கழித்தலாக இருக்கிறது. புதிய இயற்பியலைக் கண்டுபிடித்துவிட்டதாகப் புலனக் குழுவில் போடுவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

இந்தப் பெட்டிக்குள் முடுக்கம் என்ற பேச்சே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாகுநிலை அவ்வளவு பெரிது. தள்ளுகிற விசையை எடுத்த கணமே எல்லாம் நின்றுவிடும். நகர்ந்த வேகத்தில் கொஞ்ச தூரம் போகலாம் என்ற சலுகை பாறைக்கு இல்லை. பழைய மோட்டார் சைக்கிளில் எண்ணெய் தீர்ந்து உருட்டிப் பழகியவர்களுக்கு இது ஆரம்பத்தில் உறுத்தும்.

வாழ்த்துகள், இது செவ்வாய்

பெட்டி ஓடியதும் துணிச்சல் வரும். உண்மையான பாறையைப் போட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். உண்மையான பாறையின் பாகுநிலை வெப்பத்தைப் பொறுத்துத் தாறுமாறாக மாறும். ஆறிய பாறை சூடான பாறையைவிடக் கோடி கோடி மடங்கு விறைப்பு. அந்தச் சூத்திரத்தைச் சேர்த்து இயக்கினால் என்ன ஆகும்? மேலே ஆறிய அடுக்கு அசையாத மூடியாகிவிடும். கீழே எல்லாம் சுழலும். மூடி மட்டும் ஆயிரம் கோடி ஆண்டு ஆனாலும் இருந்த இடத்தில் இருக்கும். தட்டு இல்லை, கண்டம் நகரவில்லை, மலைத்தொடர் இல்லை. நீங்கள் பூமி செய்யப் போய்ச் செவ்வாய் செய்துவிட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம். செவ்வாயும் ஒரு கோள்தான். எரிமலை ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டு கக்கிக்கொண்டே இருந்ததால் அங்கே ஒலிம்பஸ் மலை 20 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தலைப்பை மாற்றி எழுதினால் வேலை முடிந்தது.

பூமிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஒரு திருகாணியைத் தொட வேண்டும். பாறை எவ்வளவு தகைவு வரை தாங்கும், எதைத் தாண்டினால் விட்டுக்கொடுக்கும் என்ற எண் அது. முறிவு வரம்பு என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் பாறைத்துண்டை நசுக்கிப் பார்த்தால், தட்டின் ஆழத்தில் அது பல நூறு மெகாபாஸ்கலைத் தாங்கும் என்று தெரிகிறது. அந்த எண்ணைப் போட்டால் மூடி மூடியாகவே இருக்கும். ஆகவே குறையுங்கள். குறைத்துக்கொண்டே வந்து 100 மெகாபாஸ்கல் பக்கம் வந்ததும் மூடி விரிசல் விடும். பெரிய துண்டுகள் நகரும். ஓரங்களில் மட்டும் நொய்வு சேரும். அடடா, தட்டுகள்! இன்னும் குறைத்தால் எல்லாம் கூழாகிவிடும். அசையாத மூடிக்கும் நகரும் தட்டுகளுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான இடம் உண்டு: நெடுங்காலம் மூடி அசையாது, திடீரென்று மொத்தமாகக் கவிழ்ந்து அமிழும், மறுபடி உறங்கும். மெஜல்லன் விண்கலம் 1990களின் தொடக்கத்தில் எடுத்த படங்களில் வெள்ளியின் தரை முழுவதுமே சில நூறு மில்லியன் ஆண்டு வயதுதான் என்று தெரிந்தபோது, அங்கே நடந்தது இதுதானோ என்று பலர் கேட்டார்கள்.

1998இல் லூயி மொரேசியும் சொலமாத்தோவும், அதே ஆண்டு டிராம்பெர்ட்டும் ஹான்சனும், 2000இல் பால் டாக்லியும் இந்த வழியில்தான் கணினிக்குள் தட்டுகளை உண்டாக்கிக் காட்டினார்கள். அது உண்மையிலேயே பெரிய காரியம். அதுவரை தட்டுகளின் வேகத்தைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் தொழில் ரகசியம் வேறு. தட்டு வரும்வரை திருகுங்கள். வந்ததும் கையை எடுத்துவிட்டு, கட்டுரையில் தட்டுகள் தாமாகவே தோன்றின என்று எழுதுங்கள். ஆய்வகப் பாறை வலுவாக இருக்கிறதே, இயற்கைப் பாறை ஏன் இவ்வளவு நோஞ்சான் என்று யாராவது கேட்டால் தண்ணீர் என்று சொல்லுங்கள். தண்ணீர் போதவில்லை என்றால் பெர்கோவிச்சியும் ரிக்கார்டும் 2014இல் எழுதியதைக் காட்டுங்கள்: நொறுங்கிய இடத்தில் தாதுமணிகள் பொடியாகி அந்த நொய்வு நெடுங்காலம் ஆறாமல் நிற்கிறது, பழைய காயத்திலேயே மறுபடி உடைகிறது என்பது அவர்கள் கட்சி. எனக்கு இது பிடித்திருக்கிறது. பூமியின் எந்த இடம் உடையும் என்பதை இன்றைய விசையைவிடப் பழைய கதை அதிகம் தீர்மானிக்கிறது என்று ஆகிறது அல்லவா?

தட்டு வந்துவிட்டது என்று இறுமாந்திருக்கும்போது இன்னொரு சிக்கல் முளைக்கும். உங்கள் மாதிரியில் இரண்டு தட்டுகள் மோதுமிடத்தில் இரண்டும் கைகோத்துக்கொண்டு கீழே போகும். அப்படியே விட்டால் இந்தியப் பெருங்கடல் தரையோடு சுமத்ராவும், அதன் பின்னால் மலாக்கா நீரிணையும், கடைசியில் மாசாயும் கவசத்துக்குள் போய்ச் சேர வேண்டியதுதான். நிஜத்தில் ஒன்றுதான் அமிழ்கிறது. மற்றது மேலே உட்கார்ந்து எரிமலை வளர்க்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் தட்டு அதுதான். 2012இல் ஃபாபியோ கிராமெரியும் உடன் உழைத்தவர்களும் இதற்கு வழி காட்டினார்கள்: மேல்பரப்பைத் தட்டையாகக் கட்டிப்போடாமல் மேலும் கீழும் அசையவிட வேண்டும், அமிழும் தட்டின் முதுகில் வழுக்கலான மெல்லிய கடலோட்டை வைக்க வேண்டும். செய்தால் ஒருபக்கம் மட்டும் அமிழ்கிறது. மாசாய் தப்பியது.

பிறரிடம் எப்படிப் பேசுவது

உங்களுக்கு வேண்டிய விடையை மாதிரி தரும் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். 2007ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியைவிடப் பெரிய பாறைக்கோள்களில் தட்டுகள் நகருமா என்ற கேள்விக்கு டயானா வலென்சியாவும் வேறு இருவரும் சேர்ந்து, நகர்ந்தே தீரும் என்று எழுதினார்கள். அதே ஆண்டில் க்ரெய்க் ஓ'நீலும் லெனார்டிக்கும் வேறு கணக்குப் போட்டு, மூடி அசையாமல் கிடக்கவே வாய்ப்பு என்று எழுதினார்கள். இரண்டு தரப்பும் கெட்டிக்காரர்கள். கணக்கில் பிழை இல்லை. கோள் பெரிதாகும்போது விசை கூடுகிறதா, பாறையின் தாங்கும் வலு அதைவிட வேகமாகக் கூடுகிறதா என்ற ஊகத்தில்தான் எல்லாம். ஆகவே உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது வேற்றுக்கோள் பற்றிக் கேட்டால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் துணிந்து பேசுங்கள்.

இதைவிட நல்ல உதாரணம் ஜான் பாம்கார்ட்னர். 1980களில் டெர்ரா என்ற முப்பரிமாண நிரலை எழுதியவர். பின்னாளில் ஹான்ஸ்-பீட்டர் புங்கே போன்றவர்கள் அதை வைத்து முதல்தரமான ஆய்வுகள் செய்தார்கள். எழுதியவரோ பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்று நம்புகிறவர். தகைவு கூடும்போது பாறை மளமளவென்று இளகிவிடும் என்று வைத்துக்கொண்டு, கடலடித் தட்டுகள் எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தின்போது மின்னல் வேகத்தில் அமிழ்ந்தன என்று வாதாடினார். மற்றவர்களுக்குப் பத்துக்கோடி ஆண்டு பிடித்த வேலை. அவ்வளவு பாறை அவ்வளவு சீக்கிரம் நகர்ந்தால் வெளியாகும் சூட்டுக்குக் கடல் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நிரல் எதையும் மறுக்கவில்லை. கேட்டதைக் கணக்கிட்டுக் கொடுத்தது.

நிறம் முக்கியம். சிவப்பிலிருந்து நீலம்வரை வானவில் முழுவதையும் கொட்டினால் இல்லாத எல்லைகளெல்லாம் படத்தில் தெரியும். பார்ப்பவர்கள் ஆகா என்பார்கள். மேலே சொன்ன அதே கிராமெரி, இந்த ஏமாற்று போதும் என்று, கண்ணுக்கு ஒரே சீராக மாறும் நிறவரிசைகளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அவற்றைப் பயன்படுத்தினால் படம் நேர்மையாக இருக்கும். ஆகா கொஞ்சம் குறையும். முடிவு உங்களுடையது.

அடுத்தது, சரிபார்ப்பு. சுண்டா பள்ளத்தை முதலில் எடைபோட்டவர் வெனிங் மைனெஸ் என்ற டச்சுக்காரர். கடல்மேல் கப்பல் ஆடும். ஊசல் வைத்து ஈர்ப்பை அளக்க முடியாது. ஆகவே இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான அந்த மனிதர் 1920களிலும் 1930களிலும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மடங்கி உட்கார்ந்து அளந்தார். பள்ளத்தின் நெடுகிலும் ஈர்ப்பு குறைந்த ஒரு பட்டை ஓடியது. ஏதோ ஒன்று அந்த இடத்தைக் கீழே பிடித்து இழுக்கிறது. கவசத்தின் சுழற்சிதான் அது என்றார். தட்டுக் கொள்கை என்ற பெயரே பிறக்காத காலம்.

அவர் விட்டுச் சென்ற இன்னொரு புதிர் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு மிகவும் குறைவு. அதனால் கடல்மட்டமே சராசரிக் கணக்கைவிட 106 மீட்டர் தாழ்ந்து நிற்கிறது. ஜியாய்டு பள்ளம் என்று இதற்குப் பெயர். உலகிலேயே பெரிய பள்ளம் இதுதான். 1948இல் மைனெஸ் கண்டது. 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 14 கோடி ஆண்டு முன்னிருந்து தட்டுகளை நகர்த்தி, 19 மாதிரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியா வடக்கே போகும்போது அதற்கு முன்னாலிருந்த டெத்திஸ் கடலின் தரை அமிழ்ந்து கவசத்தின் அடிவரை போனது. போன இடத்தில் ஆப்பிரிக்காவுக்கு அடியிலுள்ள வெப்பக் குவியலைக் கலைத்தது. கிளம்பிய சூடான, கனம் குறைந்த பாறை இந்தக் கடலுக்கு அடியில் வந்து படர்ந்தது. பள்ளம் அதனால் என்பது அவர்கள் முடிவு. இதில் கவனிக்க வேண்டியது 19 என்ற எண். ஒரே மாதிரியை ஓட்டிப் பொருந்தியது என்று சொல்லவில்லை. திருகாணிகளை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். சூடான பாறை மேலெழாத மாதிரிகளில் பள்ளம் சரியாக வரவில்லை. எந்தத் திருகாணி விடையை உண்டாக்கியது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. இந்த வழிகாட்டியைப் பின்பற்றுகிறவர்களுக்கு இது கெட்ட முன்னுதாரணம். வேலை 19 மடங்கு ஆகிவிடும்.

ஜியாய்டு பள்ளத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்காதீர்கள். திறந்தால் இப்படித்தான் போகும்:

"குமரிக்குத் தெக்கே பள்ளமா? பாத்தியாய்யா, குமரிக்கண்டம்!"

"இல்ல மாமா, அது தரைப் பள்ளம் இல்ல. தண்ணி மட்டம்தான் தாழ்ந்து இருக்கு."

"தண்ணி ஏன் தாழுது? கீழ நிலம் அமுந்ததாலதானே?"

மாமாவின் தர்க்கத்தைத் தலைகீழாக்க நேரம் ஆகும். 1864இல் ஸ்கிளேட்டர் என்பவர் லெமூர் என்ற குரங்கின உறவு விலங்குகள் மடகாஸ்கரில் இருப்பதை விளக்கக் கடலுக்குள் ஒரு நிலத்தைக் கற்பனை செய்தார். குமரிக்கண்டத்தோடு பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டது அந்த நிலம்தான். கண்டமே நகரும் என்று தெரிந்ததும் அந்தக் கற்பனைக்குத் தேவை போய்விட்டது. கண்டப் பாறை கனம் குறைந்தது, மிதக்கும். மாதிரியில் எவ்வளவு திருகினாலும் அமிழாது. கடல் கொண்ட நிலம்தான் வேண்டுமென்றால் மாமாவை மாசாயிலேயே ஆற்றோரமாக நிறுத்திக் காட்டுங்கள்: பனியுகத்தில் கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இங்கிருந்து ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போயிருக்கலாம். அது தண்ணீர் ஏறிய கதை. கவசத்துக்கு அதில் பங்கில்லை.

மாமா விடமாட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். இங்க நிலநடுக்கம் வருமா வராதா?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தட்டின் நடுப்பகுதி விறைப்பு, ஆடாது என்றுதான் நாமெல்லாம் படித்தோம். 2025 ஆகஸ்ட் 24 காலை 6.13க்கு இதே ஜொகூரில் சிகாமட் 4.1 அளவில் ஆடியது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் லங்காவியே 17 சென்டிமீட்டர் நகர்ந்ததை இடங்காட்டிக் கருவிகள் பதிவுசெய்தன. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு மேற்கே, தட்டின் ஓரத்தில் இல்லாமல் உள்ளேயே 8.6 அளவில் வெடித்தது. இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். தீபகற்பத்தின் நடுவே பெந்தோங், ராவுப் வழியாக ஓடும் தையலும் இருக்கிறது. ஒரு பழைய கடல் மூடி இரண்டு நிலங்கள் ஒட்டிய இடம் அது. அந்த மோதலில் உருவான கருங்கல்லிலிருந்து வந்ததுதான் கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம். ஆக, விறைப்பான தட்டு என்பது ஒரு மரியாதைச் சொல். ஆனாலும் உங்கள் மாதிரியால் மாமாவுக்குப் பதில் சொல்ல முடியாது. அது ஒரு அடி எடுத்து வைத்தாலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கடந்துபோகும். செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று கேட்டால் விழிக்கும். வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.

பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாமே என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். இன்றைய கவசத்தின் நிலநடுக்கப் படம் இருக்கிறது. காலத்தைத் திருப்பிவிட்டால் டைனோசர் காலம் தெரியாதா? முயன்று பாருங்கள். நகர்ந்த பாறையைத் திருப்பி நகர்த்தலாம். பரவிக் கலந்துவிட்ட சூட்டைத் திரும்பச் சேர்க்க முடியாது. சில அடிகளிலேயே எண்கள் பைத்தியம் பிடித்துத் திரை முழுக்கப் புள்ளிகளாகிவிடும். சுற்றுவழிகள் இருக்கின்றன: ஒரு தொடக்கத்தை ஊகித்து, முன்னோக்கி ஓட்டி, இன்றைக்குப் பொருந்தவில்லை என்றால் தொடக்கத்தைத் திருத்தி, மறுபடி ஓட்டி... அதற்கு மீத்திறன் கணினி வேண்டும். மேசை விசிறி போதாது.

கடைசியாக, கட்டுரையை அனுப்பினால் மதிப்பீட்டாளர் ஒருவர், அவர் பெயர் உங்களுக்குக் கடைசிவரை தெரியாது, கட்டங்களைப் பாதியாகச் சிறிதாக்கி ஓட்டினாலும் இதே விடை வருகிறதா என்று ஒரே வரியில் கேட்பார். மூன்று திசையிலும் பாதி என்றால் கட்டங்கள் எட்டு மடங்கு. கட்டம் சிறிதானால் காலடியும் சிறிதாக வேண்டும், அது இரண்டு மடங்கு. மொத்தம் 16. ஒரு வாரம் ஓடிய கணக்கு இனி 16 வாரம் ஓடும். சீன வருடப் பிறப்புக்குத் தொடங்கினால் வைகாசி மாதம் ஆகிவிடும். இரவில் இயக்கிவிட்டுத் தூங்குங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்காமல் அடியில் காற்றுப் போகிற மாதிரி இரண்டு தடித்த புத்தகங்கள்மேல் வையுங்கள். இடி மின்னல் என்றால் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். ஜொகூர் மழைக்கு இரக்கம் கிடையாது. அதற்குமுன் இதுவரை ஓடியதைச் சேமிக்கச் சொல்லும் அந்த ஒரு வரியை நிரலில் சேர்த்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.